கேட்டில் கிடந்த போன்கள்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. முதலாளி என் தலையில் கட்டிய புது வேலை: ஆபீசுக்கு ஒரு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுப்பது. லைசென்ஸ் நகல், லேபிள் டிசைன், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் சிதறிக் கிடக்கின்றன. போன வாரம் பழைய லேபிளையே அச்சுக்கு அனுப்பித் தொலைத்தோம்.

இரண்டு கம்பெனி.
அ: பார்க்க அழகு. செய்தியும் அனுப்பலாம்.
ஆ: ஃபைல் மட்டும். தேடினால் உடனே கிடைக்கிறது.

அ-வை விற்க மதுரையிலிருந்து வந்தவர்: "யார் யார் படிச்சாங்கன்னு டிக் விழும் மேடம். இனி போன் பண்ணவே வேண்டாம்." முதலாளிக்கு வாயெல்லாம் பல். அ-வை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறோம்.

9, வியாழன்

மத்தியானம் மேற்கே இருட்டியது. இடி வருமுன் எங்கள் நாரணாபுரம் பட்டாசு ஃபாக்டரியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். வழக்கமாக கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கு போன் செய்வேன், அவர் உள்ளே போய்ச் சொல்வார். இன்று அ-வின் ஆப்பில் செய்தி போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெயருக்கும் டிக். ஃபோர்மேன் பெயருக்கும். ஃபோர்மேன் என் வீட்டுக்காரர். நிம்மதியாக டீ குடித்தேன்.

சாயங்காலம் அவர்: "மொத இடி விழுந்த பொறவுதான் வெளிய ஓடியாந்தோம். நீ போன் பண்ணுவேன்னுல்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

பயமாக இருக்கிறது.

10, வெள்ளி

வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன். தீப்பொறி பயத்தில் உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாம் கேட்டில் அவர் பெட்டியில். எனக்குத் தெரியாததா? டிக்கைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது.

"அம்புட்டுப் போனும் ஒண்ணா கத்துச்சும்மா. 'பார்த்தேன்'னு ஒரு பட்டன் இருந்துச்சு. ஒவ்வொண்ணா அமுக்கி நிப்பாட்டிட்டேன்."

அது இடிக்கு நான் போட்ட செய்தி என்றேன். அண்ணாச்சிக்கு முகமே செத்துவிட்டது.

மறக்கக் கூடாதவை: கரண்ட் பில். மல்லிப்பொடி.

11, சனி

முதலாளி: "எதைம்மா வாங்குவோம்?"

ஆ என்றேன். அதுவும் ஃபைலுக்கு மட்டும். இடிக்கு கேட் போன்தான். ஃபோர்மேன் லைனுக்கு வந்து பதில் சொல்லும்வரை வைக்கக் கூடாது.

"பழைய காலத்து முறையால்ல இருக்கு?"

"இருக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு."

ஆ-வையே வாங்கச் சொன்னார்.

மத்தியானம் மறுபடி மேகம். கேட்டுக்கு போன் போட்டுப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெகு நேரம் கழித்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க லைனுக்கு வந்தார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு."

"நீங்க?"

"நாந்தானே பேசுறேன்!"

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.