தெரியாத நம்பர்

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதறது. நான் சுகமா இருக்கேன், முட்டி மட்டும்தான் என் பேச்சைக் கேக்கறதில்ல. அயர்லாந்துல உனக்குக் குளிர் ஒத்துக்குதா, ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து சாப்பிட்டுப் படுக்கறியா இல்ல அப்படியே சுருண்டுடறியான்னு நெனச்சிகினே எழுதறேன். என்னப்பா இந்தக் காலத்துல லெட்டருன்னு சிரிப்ப. வாட்ஸப்புல நீ சாப்பிட்டீங்களான்னு கேப்ப, நான் ஆச்சும்பேன், அதோட பேச்சு முடிஞ்சிடும். இது அப்படி முடியற சமாச்சாரம் இல்லம்மா.

தைப்பூசத்துக்கு வடலூர்ல பந்தோபஸ்து போட்டாங்க, ஜோதி பாக்க வந்த கூட்டத்துல நின்னு நின்னு கால் வீங்கிடுச்சு. அது முடிஞ்சி வந்தா சம்மன் குடுக்கணும், கோர்ட்டுக்கு ஆளைக் கூட்டிகினு போவணும், புருசன் பொண்டாட்டி சண்டைன்னு வந்தா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து அனுப்பணும். ஏட்டுன்னா இன்ஸ்பெக்டர் திட்டறதையும் வாங்கிக்கணும், கான்ஸ்டபிள் சலிச்சுக்கறதையும் கேட்டுக்கணும். ரிடையர் ஆவற வரைக்கும் ஓடட்டும். உங்கம்மா இருந்தப்ப நான் யூனிபார்மைக் கழட்டறதுக்குள்ள அன்னிக்கு நடந்ததையெல்லாம் கேட்டுடுவா. இப்ப டிவியைப் போட்டாதான் குவார்ட்டர்ஸ்ல சத்தம்.

இதுல எனக்குப் புடிச்ச வேலை ஒண்ணு இருக்கு. பசங்க வெளிநாட்டுல இருக்க, தனியா கெடக்கற பெரியவங்க வூட்டுக்கெல்லாம் காலையில ரவுண்டு போறது. மைன்ஸ்ல ரிடையராகி வடக்குத்துப் பக்கம் வூடு கட்டிகினு இருக்கறவங்கதான் நெறைய. கூட வெண்மதி வருவா, புதுசா வந்த கான்ஸ்டபிள், உன்ன மாதிரியே வெடுக்கு வெடுக்குன்னு பேசற பொண்ணு. மாத்திரை போட்டீங்களா, தாப்பா சரியா இருக்கான்னு பாத்துட்டு, கெளம்பறப்ப ஒண்ணு சொல்லுவேன். இப்ப ஏமாத்தறவன் எல்லாம் போலீஸுன்னு சொல்லித்தான் பேசறான், தெரியாத நம்பர்லேருந்து எவனாவது போலீஸ் பேசறேன்னா ஒரு வார்த்தை பேசாதீங்க, கட் பண்ணுங்க, உங்க பசங்களுக்கும் சொல்லி வைங்கன்னு.

அதுல வைத்திலிங்கம்னு ஒருத்தர், மைன்ஸ்ல பெரிய மெஷின் ஓட்டினவரு. ஒரே பையன் பாலகுமார், கனடாவுல இருக்கான். நாங்க போனா விடமாட்டாரு, ஏட்டய்யா உக்காருங்கன்னு காப்பியைக் கையில திணிச்சுட்டு பையன் பெருமையை ஆரம்பிப்பாரு. போன செவ்வாக்கிழமை போனா பால் பாக்கெட் வாசல்லயே கெடக்குது. கூப்பிட்டுப் பாத்தோம், பதிலில்ல. பின்கதவைத் தள்ளிகினு உள்ள போனா சேர்ல உக்காந்தபடியே உசுரு போயிருக்கு. அடுப்பு மேடையில எங்க ரெண்டு பேருக்கும் சேத்து மூணு டம்ளர் கழுவி வெச்சிருந்தாரும்மா.

பையனுக்குச் சொல்றது என் வேலை. சுவத்துல பெருசா எழுதி வெச்சிருந்த நம்பருக்கு என் வாட்ஸப்புலேருந்து போட்டேன். நெய்வேலியிலேருந்து போலீஸ் ஏட்டு பேசறேன்னதும் கட் பண்ணிட்டான். மறுபடி போட்டா, எங்கப்பா ஏற்கெனவே சொல்லிட்டாரு, ஒங்களுக்கெல்லாம் வேற பொழப்பு இல்லையாடான்னு திட்டிட்டு நம்பரையே பிளாக் பண்ணிட்டான். எனக்குக் கோவம் வரல. நான் அவருக்குச் சொல்லிக் குடுத்ததைத்தானே அவரு புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு.

சார், அவரு போன்லேருந்தே போடுங்கன்னா வெண்மதி. அந்தப் போனுக்குப் பூட்டெல்லாம் கிடையாது. போட்டதும் மொத ரிங்குலயே எடுத்துட்டான். சொல்லுங்கப்பா, இப்பதான் எவனோ ஒரு ஃபிராடு போலீஸுன்னு பேசினான், உங்களுக்கும் பண்ணுவான், ஜாக்கிரதையா இருங்கப்பான்னு மடமடன்னு பேசிகினே போறான். இத்தனை வருஷ சர்வீஸ்ல எத்தனையோ வூட்டுல போயி சாவு சேதி சொல்லியிருக்கேன். அப்பா அப்பான்னு கூப்பிடற அந்தப் புள்ளைய நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல சரிதா. வெண்மதிதான் போனை வாங்கிப் பேசினா.

அன்னிலேருந்து வூட்டுக்குள்ள நுழைஞ்சாலே மனசு அடிச்சிக்குது. தனியா இருக்கறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, நீ கேக்கறப்பல்லாம் எனக்கென்ன கொறைன்னு சொல்றது சும்மா. இப்ப வெண்மதி ஸ்டேஷனுக்குப் போற வழியில நம்ம கதவையும் தட்டி, சார் மாத்திரை போட்டீங்களாங்கறா. எங்கிட்டயே ரவுண்டு வரியா நீன்னு வைஞ்சேன். ஆனா மறுநாள் அவ வண்டி சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிகினுதான் உக்காந்திருந்தேன். சித்திரையில லீவு கெடச்சா ஒரு வாரமாவது வந்துட்டுப் போம்மா. உனக்குப் புடிச்ச வஞ்சிரம் வாங்கி நானே வறுத்துத் தரேன், கருகினாலும் சாப்பிடணும்.

நல்லா இரு கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, பனியில பாத்து நட. உங்கம்மா ஆசீர்வாதத்தையும் சேத்துதான் எழுதறேன். ஒண்ணு மட்டும் மறந்துடாத. பின்பக்கம் வெண்மதி நம்பர் எழுதியிருக்கேன், இன்னிக்கே பேர் போட்டு போன்ல ஏத்திக்கோ. அவ கூப்பிட்டா கட் பண்ணாம எடு. என்ன ஆனாலும் என் போன்லேருந்து உன்னைக் கூப்பிடக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். என் நம்பர்லேருந்து வந்தா அது நான்தான்மா, நீ பயப்படாம சொல்லுங்கப்பான்னு எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
அன்புச்செல்வன்