மோதிரத்தில் சுற்றிய நூல்

அன்புள்ள மகாராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கொன்றுமில்லை. நேற்று வெல்டிங் பட்டறையில் ஏணி ஏறும்போது கண் இருட்டி விழுந்தேன். இரண்டாம் படிதான், பயப்படாதே. ஆறு வாரமாக வெள்ளரிக்காயும் பால் இல்லாத காப்பியும்தான் சாப்பாடு என்றதும் டாக்டர் கத்தினார்: "தொப்பை மட்டுமா கரையும்? சதையும் சேர்ந்து கரையும்யா. இதயமும் சதைதான்!"

போன லீவில் உன் தம்பி என் தொப்பையைத் தட்டி, "மாமாவுக்கு இது எத்தனாவது மாசம்?" என்றான். நீயும் சிரித்தாய்.

மோதிரம் கழன்று கழன்று விழுகிறது, நூல் சுற்றியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் போட்ட பெல்ட்டை அனுப்பு. வேண்டாம், அனுப்பாதே. சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். இன்றிலிருந்து வயிறாரச் சாப்பிடுகிறேன். தொப்பையோடுதான் வருவேன். அவன் சிரிக்கட்டும், நீ சிரிக்காதே.

உன் வீட்டுக்காரன்