சென் எமிலியோன் சரிவில் நீ சொன்னது

மச்சான்,

இன்று காலை ஜான்-டலோன் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். வீட்டில் வைன் போடுகிற இத்தாலியக் கிழவர்களுக்காக ஒரு கடை வாசலில் கறுப்புத் திராட்சையைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். அடிப்பெட்டிகள் நசுங்கிப் புளித்த வாசம் வந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த மனுசி "பார்தோன், பார்தோன்" என்று வண்டிலால் என் காலை இடித்துக்கொண்டு போனாள். கத்தரிக்காயும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதை வேறு யாரிடம் கதைப்பது என்று தெரியவில்லை.

பாரிஸில் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, அங்கேயே சமையல்காரனாகி ஓய்வெடுத்தவன் நீ. மேசையிலிருந்து வருகிற வெறும் போத்தல்களில் சென் எமிலியோன் என்ற பெயரைக் கண்டுவிட்டு எனக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லுவாய்: "ஒரு புனிதரின்ர பேரில ஊர், மச்சான். ஊர் முழுக்க வைன். சாகிறதுக்கு முதல் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்." ஒரு சொட்டும் குடிக்காதவனுக்கு இப்படியும் ஓர் ஆசை!

இந்த மே மாதம் நான் இங்கே கியூபெக்கில், பியர்பொன்ட்ஸிலிருந்து புறப்பட்டுப் பாரிஸுக்கு வந்ததே உன்னை அங்கே கூட்டிப் போகத்தான். ஏனடா இவ்வளவு அவசரம் என்று நீ கேட்கவில்லை. உன் மகள் எனக்கு முன்கூட்டியே டெலிபோன் எடுத்து அழுதிருந்தாள். "மாமா, இனி ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்பாவுக்குத் தெரியாது. வயித்தில புண், மருந்தோட மாறும் எண்டுதான் சொல்லியிருக்கிறம். நீங்களும் வாய் திறந்திடாதேங்கோ." நம் வீடுகளில் வழக்கம் அதுதானே. நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நானும் ஓம் என்றேன்.

போர்தோவில் ரயிலால் இறங்கி வாடகைக் கார் எடுக்கப் போனோம். கவுண்டரில் நின்ற பெட்டைக்கு என் கியூபெக் பிரெஞ்சு விளங்கவில்லை. நீதான் இடையில் புகுந்து கதைத்து முடித்தாய். "உன்ர பிரெஞ்சு பனிக்குள்ள கிடந்து விறைச்சுப்போச்சு. சூடாக்கித்தான் எடுக்கவேணும்" என்றாய். தந்ததோ கியர் மாற்றுகிற கார். ஓட்டோமற்றிக்கிலேயே வாழ்ந்து பழகிய எனக்கு இடதுகால் என்றொன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கார் ஒவ்வொரு சந்தியிலும் செத்துச் செத்து நின்றது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "இந்தக் காரும் என்னை மாதிரித்தான் போல" என்று சிரித்தாய். நான் கியரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு நடந்தோம். பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பழைய கோயிலுக்குள் நின்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாய். சிலுவை போட்டுக்கொண்டாய். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. ஏறும்போதுதான், அந்தக் கல்லுப் பாவிய செங்குத்தான ஒழுங்கையில் பாதி தூரத்தில், ஒரு வைன் கடைப் படியில் இருந்துவிட்டாய். முகம் வெளிறி வியர்த்துக் கொட்டியது. அந்த ஒழுங்கைக்குள் காரைக் கொண்டுவர வழியில்லை. உன்னைத் தூக்க எனக்கும் தெம்பில்லை. கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பயத்தில் என் வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஒண்டுமில்லையடா, புண் மாறினால் எல்லாம் சரி."

நீ என்னைப் பார்த்தாய். "நீயுமோ?" என்றாய்.

பிறகு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய். "விசரா, இவ்வளவு காலமும் பிரெஞ்சுக்காரனோட குசினியில கத்துப்பட்டனான். டொக்டர் எனக்கு முன்னாலதான் சொன்னவர். எனக்கு விளங்காதோ? ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு அப்பாவுக்குத் தெரியாது எண்டு பிள்ளை நினைச்சவள். 'புண் அப்பா, மாறிடும்' எண்டு தமிழில சொன்னவள். நான் ஓமோம் எண்டு தலையாட்டினன். வேற என்ன செய்ய?"

"அவளிட்டச் சொல்லன்ரா."

"சொல்லி? தான் நடிக்கிறதை அப்பா பாத்துக்கொண்டு இருந்தவர் எண்டு தெரிஞ்சால் தாங்குவாளோ? நீயும் சொல்லாதை. நான் செத்தாப்பிறகும் சொல்லாதை. சத்தியம் பண்ணு."

கோயில் வாசலைப் பார்த்துச் சத்தியம் பண்ணினேன். அந்தப் படியில் உனக்காக நான் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினாய். காருக்குள் இருந்ததும் மகளுக்கு எடுத்தாய். "நல்லாச் சுத்தினனாங்கள் பிள்ளை. வயித்துநோவும் குறைவாய்க் கிடக்கு." உன் குரலில் ஒரு பிசகும் இல்லை. நான் மூன்றாம் கியரில் காரை எடுக்கப் பார்த்து மறுபடியும் நிறுத்தினேன்.

நேற்று உன் மகள் எடுத்தாள்.

"மாமா, எனக்கு நித்திரை வருகுதில்லை. கடைசிக் கிழமையிலயும் அப்பா என்ர கையைப் பிடிச்சு, மாறிடும்தானே பிள்ளை எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டனான். என்னை நம்பித்தானே மாமா போனவர். என்ர அப்பாவை நான் ஏமாத்திப்போட்டன்."

உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அவளுக்கு நோகக்கூடாதென்று நீ கேட்ட அந்தக் கேள்வியே இன்று அவளைத் தின்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் மனம் ஆறுமா, இன்னும் உடைந்துபோவாளா? எனக்குத் தெரியவில்லை. உன்னளவுக்கு அவளை அறிந்தவனும் நான் இல்லை.

"அந்தப் பயணத்தில அப்பா உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் அழுதாள். "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

சத்தியத்தை வாங்கினவன் நீ. என்னை அதிலிருந்து விடவும் நீதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எடுத்தால் அதையேதான் கேட்பாள். என்னடா சொல்ல?