நடக்கக் கூடாத கார்ப்பெட்

ஏப்ரல் 6, ஞாயிறு

கார்ப்பெட் லிஃப்டில் நுழையவில்லை. அப்பாவும் அவருடைய சிநேகிதர் கோபாலசாமி மாமாவும் நாலு மாடி படியேறித் தோளில் சுமந்து வந்தார்கள். இன்று என் லீவு நாள். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். என் நாற்காலியைத் தூக்கி பால்கனியில் போட்டுவிட்டு அந்த இடத்தில் கார்ப்பெட்டை விரித்தார்கள்.

அப்பாவுக்கு ஏசி காற்று போகிற டக்ட் குழாய்களைச் சுத்தம் செய்கிற வேலை. போன வாரம் ஒரு நகைப் பட்டறையில் டியூட்டி. பட்டறையை மூடுகிறார்களாம். பதினெட்டு வருடம் ஆசாரிகள் ராவிய தங்கத்தூள் எல்லாம் இந்தக் கார்ப்பெட்டுக்குள் இறங்கியிருக்கிறதாம். எரித்தால் சாம்பலில் தங்கம் நிற்கும்.

"ஓனர் தரவே மாட்டேன்னாரு. நான்தான் பேசி முடிச்சேன்," என்றார் மாமா. "நம்ம ஆளுங்கள்ல இதுல எறங்குனது நம்மதான் மொதல்ல."

"ரொம்ப சுத்தமான மனுசன்," என்றார் அப்பா. "டக்ட்ல அள்ளுன குப்பையக்கூட நம்மகிட்ட விடல. மூட்டை கட்டி அவரே வாங்கி வச்சுக்கிட்டாரு."

விலை: அம்மாவின் இரண்டு வளையல்கள். அவளிடம் இருந்ததே அந்த இரண்டுதான். ஜூன் 8 சிவகங்கையில் அவளுடைய அண்ணன் மகன் கல்யாணம். மூன்றாம் தேதி டிக்கெட். நாலு வருடம் கழித்து துபாயிலிருந்து ஊருக்குப் போகிறாள். மூன்று அண்ணிகள் அவள் கையைப் பார்ப்பார்கள்.

"மூணாந்தேதிக்குள்ள நாலாப் போட்டு அனுப்புறேன், பாரு."

"நாலு வேணாங்க. அந்த ரெண்டு வந்தாப் போதும்."

ஏப்ரல் 7

எரித்துத் தங்கம் பிரிக்கும் உலை தொழில்பேட்டையில் உஸைர் பாயிடம் இருக்கிறது. உஸைர் பாய் கீழக்கரைக்கு லீவில் போயிருக்கிறார். மே கடைசியில்தான் வருவாராம்.

அதுவரை சட்டங்கள்: கார்ப்பெட்டில் நடக்கக் கூடாது. சுருட்டவும் கூடாது; மடிப்பில் இருப்பது கொட்டிவிடும். நாங்கள் சுவரோரமாக நண்டு மாதிரி சமையலறைக்குப் போகிறோம்.

ஏப்ரல் 9

துடைப்பத்தை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தங்கம் விலை தினமும் ஏறுகிறது. சாப்பிடும்போது அப்பா போனைப் பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு நம்ம கார்ப்பெட் கூடிருச்சு" என்கிறார், பிள்ளை வளர்ந்ததைச் சொல்வது போல.

அம்மா சுவரோரம் நின்றபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்ல கார்ப்பெட்டுதான். ஒரு ஓட்டை இல்ல, ஒரு கிழிசல் இல்ல."

நானும் பார்த்தேன். உண்மைதான். அழகாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பக்கத்து ஃபிளாட் ஜுலைஹா பீவி பேரன் ஜைதோடு வந்தார். நாங்கள் தடுப்பதற்குள் நேராகக் கார்ப்பெட்டின் நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு மணி நேரம் அவர் ஜுலைஹா பீவியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது அப்பா வாசலில் செய்தித்தாளை விரித்து, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷோடு குந்தினார். "காலக் கொஞ்சம் தூக்குங்க ராத்தா." இரண்டு பாதத்தையும் துடைத்தார். ஜைதின் பாதங்களையும், பிறகு அவன் கால்சட்டையின் பின்புறத்தையும். தாளை மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

ஜுலைஹா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஊட்டு மாப்ளைமார்கூட இப்படி மரியாத செஞ்சதில்ல மாரியம்மா."

அம்மா சமையலறைக்குள் போய், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மே 2

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. காலையில் என் சாக்ஸில் ஒரு மினுக்கு. ஊசி முனை அளவு. செல்லோடேப்பில் ஒட்டி இந்தப் பக்கத்தின் மூலையில் வைத்திருக்கிறேன். மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன் — நான்தானா இப்படி? அப்பாவைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள்?

மே 3

ஜைத் ஸ்கூல் ப்ராஜெக்டைக் காட்ட வந்தான். அட்டை முழுக்கத் தங்க நிற ஜிகினா. போன முறை வந்தபோதும் கையெல்லாம் அதுதானாம்.

டேப்பை நான் பிய்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

மே 16

அம்மா கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். தைக்கும்போது இடது கை மணிக்கட்டைத் தடவுகிறாள். வளையல் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்தார். போனை எடுத்துத் தங்கம் விலையைப் பார்த்தார். கவிழ்த்து வைத்துவிட்டார்.

மே 25, ஞாயிறு

கார்ப்பெட்டை ஏற்றிய பிக்கப்பில் நானும் உலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

உஸைர் பாய் கார்ப்பெட்டை முழுக்க விரிக்கச் சொல்லி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்தார். அப்பாவின் கை பிரஷ் இருந்த பைக்குள் போயிற்று.

"அண்ணே, இது ஆபீஸ் ரூம்ல கெடந்தது."

"இல்லீங்க பாய், பட்டறையிலேருந்து நானே தூக்கிட்டு வந்தேன்."

"பட்டறையிலேருந்துதான். ஆனா வேல செஞ்ச எடத்துல கெடந்ததுன்னா நெருப்பு பட்டுப் பட்டுச் சல்லடையா இருக்கும். இதுல ஒரு ஓட்டை இல்லையே."

மூலையில் ஒரு துண்டை வெட்டி எரித்துக் காட்டினார். கருப்பாக ஒரு கட்டி. அதைக் கம்பியால் உடைத்துக் கிளறினார். ஒன்றுமில்லை.

"டீ கொட்டுன கறைதான் இருக்கு. ஆசாரிமாரு கை கழுவுன தண்ணியவே விட மாட்டாங்க அண்ணே, கார்ப்பெட்டயா விடுவாங்க? ஆமா... நீங்க டக்ட் ஆளுதானே. தூளெல்லாம் காத்தோட அங்கதானே போயிருக்கும். அந்த டக்ட்ல அள்ளுன குப்பைய என்ன செஞ்சீங்க?"

கோபாலசாமி மாமா பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஏதோ வண்டியைப் பார்ப்பது போல நகர்ந்துவிட்டார்.

சுத்தமான மனுசன். நான் இந்த டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன், முதல் நாளே. இத்தனை படித்து என்ன?

மே 26

அப்பா பீரோவைத் திறந்து துடைப்பத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். கார்ப்பெட் திரும்பவும் ஹாலிலேயே கிடக்கிறது.

மே 30

வீட்டில் நாலைந்து நாளாக, "சோறு போடவா?", "ம்." — அவ்வளவுதான். அம்மா டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னாள். சாயங்காலம் ஜுலைஹா பீவி வந்து கையைப் பிடித்து ரோலா கடைவீதிக்கு இழுத்துப் போனார். இரண்டு கவரிங் வளையல்களோடு திரும்பினார்கள். "போடு மாரியம்மா. துபாய்லேருந்து போறவ கையில கவரிங்னு எவ நெனப்பா?"

டிக்கெட் இருக்கட்டும் என்றாள் அம்மா.

ஜூன் 3

பெட்டியோடு வாசலுக்கு வந்தோம். கார்ப்பெட்டின் நடுவாக நடந்துதான் வந்தோம். அம்மா செருப்பைப் போடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது காலை லேசாகத் தூக்கினாள்.

"என்ன?" என்றார் அப்பா.

"துடைக்க மாட்டீங்களா? ஊரு வரைக்கும் கொண்டு போயிருவேன்ல."

அப்பாவுக்கு முகம் என்னவோ ஆயிற்று. பிறகு குந்தி, கையாலேயே துடைத்தார். முதலில் வலது. அப்புறம் இடது. இடது பாதத்தில் கொஞ்சம் அதிக நேரம்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா மண்டபத்திலிருந்து பேசினாள். ஸ்பீக்கரில் போட்டோம். நாதஸ்வரத்துக்கு நடுவே கத்தினாள். பெரிய அத்தை வளையலைத் தடவிப் பார்த்து, "உள்ளூர் தங்கத்துக்கு இந்தப் பளபளப்பு வராதுத்தா" என்றாளாம். சின்ன அத்தை எந்தக் கடை என்று கேட்டாளாம்.

"என்ன சொன்ன?"

"ஒங்க அப்பாவக் கேக்கணும்னேன்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஹாலில் போய் உட்கார்ந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா வந்து இரண்டு நாள். கவரிங் ஓரமாகக் கருக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒன்பதாம் தேதியிலிருந்து லீவு நாளிலும் டியூட்டிக்குப் போகிறார். தீபாவளிக்குள் ஒரு வளையல் என்கிறார். "ரெண்டாவது?" என்றாள் அம்மா. "பொங்கல்." கருத்த இடத்தைப் பல்பொடியால் தேய்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

மத்தியானம் மூன்று பேரும் கார்ப்பெட்டில் படுத்திருந்தோம். நடுவில் மெத்தென்று இருக்கிறது. கோபாலசாமி மாமா போன். அல் ஐன் ஊரில் ஒரு நகைப் பட்டறை மூடுகிறார்களாம்.

"கலாஸ். இனிமே அந்தப் பேச்சே வேணாம்," என்று அப்பா வைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா திரும்பிப் படுத்தார். ஃபேனைப் பார்த்தார்.

பத்து நிமிடம் இருக்கும். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"மாப்ள, சும்மாதான் கேக்குறேன். அந்த ஓனரு குப்பைய என்ன செய்வாருன்னு மட்டும் விசாரி."