அத்தைக்கு வைத்த காபிப் பரீட்சை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்காதே, போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், மற்றதெல்லாம் கோபம்.

உன் பள்ளித் தோழன் சோடாபுட்டி எங்கள் அலுவலகத்துக்கே நிர்வாக அதிகாரியாக வந்தது உனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து அவன் கண் எங்கள் காபி அறையின் மேல்தான். வரைபடப் பிரிவில் நாங்கள் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக் காபி போடுகிறோம், யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்குக் கஷாயம் மாதிரி வேண்டும், யாருக்குப் பால் தூக்கலாக வேண்டும் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். அந்த அறையைப் பூட்டிவிட்டு, தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கும் அந்தக் காபிக் கடையைக் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து வைக்கப் போகிறானாம். கடைக் காபி மோசம் என்று சொல்ல மாட்டேன், நுரையோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாய்க் காபிக்கு அங்கே நிற்கிற பெண் வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி கேள்வி கேட்கிறாள், பெரிசா சிறிசா, எந்தக் கொட்டை, எந்தப் பால், கடைசியில் என் பெயரையும் கேட்டுக் கோப்பையில் தப்பாக எழுதுகிறாள். மேலே ஒரு மூடி, மூடியில் ஓர் ஓட்டை, உள்ளே இருப்பது என்னவென்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை. அந்த மூடிதான் வினையாகிவிட்டது.

டிபன் அத்தையை மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடம் விட்டு என் அலுவலகத்துக்கு வந்து, அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, அவள் டப்பாவைக் காலி செய்துவிட்டு நீ வைத்த பெயர்தானே அது. அவள் முறை வருகிற நாளில் கணக்குப் பிரிவுக்காரர்களும் கோப்பையோடு வந்து நிற்பார்கள். போன வருஷக் காய்ச்சலில் அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது, அதோடு ருசியும் போயிற்று. பால் அடிப்பிடித்து அறையே நாறும்போது பக்கத்தில் நின்று சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் எனக்கே தெரிந்தது. யார்கிட்டயும் சொல்லாதடி, என் காபின்னா ஒரு பேரு இருக்கு, அதுவும் போச்சுன்னா தாங்க மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து அவள் முறையன்று நான் முன்னாலேயே போய்ப் பாலை முகர்ந்து பார்த்து, தூளை அளந்து வைத்துவிடுவேன், அவள் வந்து போடுவாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெற்ற பிள்ளையாயிற்றே என்று உன்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை சோடாபுட்டி எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு ருசிப் பரீட்சை வைத்தான். ஆளுக்கு இரண்டு மூடி போட்ட கோப்பை, ஒன்று கடைக் காபி, ஒன்று நம் காபி, எது பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அத்தையை வேண்டுமென்றே முதலில் அழைத்தான். அவளும் இரண்டையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இதுதான் நம்மளோடது, வாசனையே சொல்லுதே என்றாள் தைரியமாக. அவன் அந்தக் கோப்பையின் மூடியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினான். உள்ளே டீ. வாசனையே தெரியாதவங்க போடற காபிக்குத்தான் இத்தனை பெருமையா என்றான், கூடமே சிரித்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

நான் விடவில்லை, அவன் அறைக்கே போய், நீ அதிகாரியா இரு, என் வீட்ல சாப்பிட்டு வளர்ந்தவன்தானே, வயசுல பெரியவளை இப்படியா நிக்க வச்சுச் சிரிப்பே என்று கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசாமல், உங்க பையன்தான் ஆன்ட்டி சொன்னான், சும்மா ஜாலிக்குத்தானே என்கிறான். அவனைத் திட்டப் போய் உன்னைப் பெற்றதற்குத் தலைகுனிந்து வெளியே வந்தேன்.

அத்தை இனிமேல் காபி போட மாட்டாளாம், முறையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். என்னோடு பேச்சும் இல்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறாள், நானும் மறுக்கவில்லை. உனக்காக மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. செய்தவன் நீ, நீயே கூப்பிட்டு உன் வாயால் சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள். அதுவரை எனக்குப் போன் செய்யாதே.

கோபத்தில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. நோய்நொடி இல்லாமல் இரு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேலையைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்காதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அத்தையும் உன்னை விசாரித்தாள். நேற்று மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், நின்று, பையன் எப்படி இருக்கான் என்று கேட்டாள். நல்லா இருக்கான் என்றேன். அவனாவது உன்னை மாதிரி இல்லாம இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
வாயைத் திறக்காமல் நின்ற
உன் அம்மா