பாலைவனத்து விதிகளும் எங்கள் பூசணிக்கொடியும்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. மீன் வாங்க அலுவிகாரைச் சந்திக்குப் போக முடியவில்லை. பருப்புதான்.

இவர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார். வேறு யாரும் முன்வரவில்லையாம். ஓய்வு பெற்ற நாள் முதல் சாய்வு நாற்காலியை விட்டு எழும்பாத மனுஷன், இன்று சொல்லாமலே சவரம் செய்துகொண்டார்.

ஒக். 14, செவ்வாய்

தோட்ட விதிகளை வாசித்துக் காட்டினார். இந்த வீடுகளைக் கட்டி விற்ற ராஜன் முதலாளி பல வருடம் துபாயில் இருந்தவர். அங்கே பாலைவனத்தில் ஏதோ ஒரு குடியிருப்பின் விதிகளை அப்படியே தமிழாக்கிக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டு முன்புறம்:

– புல் கூடாது, சரளைக்கல் மட்டும்
– கள்ளி, வீட்டுக்கு மூன்று
– கொடி, காய்கறி கூடாது (தண்ணீர் வீண்)
– மணற்புயலுக்குப் பிறகு இலைகளைத் துடைக்க வேண்டும்

வெளியே வடிகான் நிரம்பி ரோட்டில் ஓடுகிறது. மணற்புயல் எப்போது வரும் என்று கேட்டேன்.

"வந்தா துடைக்கணும், அவ்வளவுதான்." சிரிக்கவில்லை.

ஒக். 16, வியாழன்

மழை. கள்ளி இரண்டு அழுகிவிட்டது. நாற்றம்.

பூசணிக்கொடி மட்டும் சரளைக்கல் மேல் ஏறி கேட் வரை போய்விட்டது. நான் நடவில்லை. மீன் கழுவிய தண்ணீரோடு எறிந்த விதை. தேசிக்காய் அளவில் ஒரு பிஞ்சு.

இவர் குடையும் அளவு நாடாவுமாக வீடு வீடாகப் போகிறார். பக்கத்து வீட்டு ரிஸ்வானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எங்க வீட்டுப் புல்லப் பிடுங்கச் சொல்லிட்டுப் போறாரு உங்க சேர். உங்க பூசணிய யாரு பிடுங்குறது?"

தேங்காய் திருவ வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஒக். 17, வெள்ளி

தேநீர் நேரம் பேச்சை எடுத்தார். சொந்த வீட்டிலேயே கொடி இருந்தால் யார் மதிப்பார்கள் என்றார். முடியாது என்றேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு தானாக முளைத்தது அது ஒன்றுதான். தேநீரைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்து இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். இந்த மனுஷன் பசியோடு வீட்டுக்கு வந்து எவ்வளவு காலம்?

கத்தியோடு கொடி வரை போனேன். சும்மா திரும்பினேன்.

ஒக். 19, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே சங்கக் கூட்டம். ராஜன் முதலாளியின் வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் சேறு. எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: சரளைக்கல் வடிகானை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர். விதிகள் வேண்டுமா, வேண்டாமா, கை தூக்குங்கள் என்றார்கள்.

வேண்டும் என்று தூக்கினேன். விதி போனால் இவர் மறுபடியும் நாற்காலியில் விழுந்துவிடுவாரே என்ற பயம். எழுதவே வெட்கம். ரிஸ்வானா திறந்த வாயை மூடவில்லை.

பிறகு வேண்டாம் என்பவர்கள். கூட்டமே தூக்கியது. மேசைக்குப் பின்னால் செயலாளரும்.

வேண்டும் என்றது ராஜன் முதலாளியும் நானும் மட்டும்.

ஒரே குடையில் வந்தோம். பாதி வழியில் கேட்டார்.

"நீ எதுக்கு அந்தப் பக்கம் தூக்குன?"

"நீங்க எதுக்கு இந்தப் பக்கம்?"

"விதி இருந்தா, கடைசியில அந்தக் கொடிய நான்தான் வெட்டணும். என்னால முடியாது மேரி."

என் காரணத்தை நான் சொல்லவில்லை.

ஒக். 20, திங்கள்

மழை விட்டிருக்கிறது. எழும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பதறி வெளியே ஓடினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகானுக்குள் நின்று கல் அள்ளுகிறார். ரிஸ்வானாவின் கணவர் மண்வெட்டியோடு. பின்னால் இன்னும் நாலைந்து வீட்டு ஆண்கள். எல்லாருக்கும் இவர்தான் கட்டளை. எனக்கும்: பிளேன்டீ ஊற்ற வேண்டுமாம்.

சீனி முடிந்துவிட்டது. எந்த முகத்தோடு ரிஸ்வானாவிடம் கேட்பது? மதிலோரம் போவதும் வருவதுமாக இருந்தேன். அவளே எட்டிப் பார்த்தாள், கையில் சீனிப் போத்தல்.

"வேணும்னா கையத் தூக்குங்க அக்கா."