இருமலை மட்டும் விட்டிருந்தேன்

ஜூன் 9

ஒப்பந்தச் சட்டம் 28. பாஸுக்கு 50 வேண்டும். போன தடவை 31. படிக்கப் படிக்க மார்க் இறங்குகிற அதிசயப் பிறவி நான்தான்.

அதோடு விட்டார்களா? கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். விசாரணைக்கு வரவேண்டுமாம். என் விடைத்தாள் முழுக்கப் பேராசிரியர் வகுப்பில் பேசியது, வார்த்தைக்கு வார்த்தை. "இதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்" என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறேனாம். எதையோ ஒளித்து வைத்துப் பார்த்து எழுதியதாகச் சந்தேகம். உண்மையில் அவர் இருமியதை மட்டும்தான் விட்டிருந்தேன்.

பிட் அடித்தேனாம்! இந்த வயசில்! கோர்ட்டில் இருபது வருஷமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவள் நான். காதில் விழுந்தது கையில் இறங்கும். கையில் இறங்கியது மறக்காது. பகலில் அந்த வேலை, மாலையில் இந்தக் கல்லூரி. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் போனால் கல்லூரியை விட்டே போகவேண்டும், அதுதான் விதி.

வீட்டுக்காரர் வேனைத் துடைத்துக்கொண்டே, "டேப்பு, இந்தத் தடவை இருமலையும் சேர்த்து எழுதிடு, பாஸ் பண்ணிடுவாங்க" என்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளோடு பழகிப் பழகி இவருக்கும் அதே புத்தி. டேப் ரெக்கார்டர் என்பதைத்தான் 'டேப்பு' என்று சுருக்கியிருக்கிறார். சண்டையில் அவர் எப்போதோ சொன்னதை அப்படியே நான் எடுத்து நீட்டுவதால் வந்த பட்டம். சிரிப்பு வரவில்லை. சாப்பிடவும் பிடிக்கவில்லை.

ஜூன் 12

விசாரணை. முதல்வர், பேராசிரியர், ஓரமாக ஒரு பெண். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். மாணவர் ஆதரவு அறையைப் பார்த்துக்கொள்கிறவராம்.

"சார், எதையாவது கொஞ்ச நேரம் பேசுங்க" என்றேன். பேராசிரியர் முறைத்துக்கொண்டே எங்கோ ஒரு வழக்கைப் பற்றிப் பேசினார். நடுவில் கதவைத் திறந்த பியூனிடம், "அப்புறம் வாப்பா, உயிரை வாங்காதே" என்றார். முடித்ததும் நான் திருப்பிச் சொன்னேன். உயிரை வாங்காதே உட்பட.

முதல்வர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. "குற்றம் இல்லை. மார்க்கும் இல்லை. சட்டம் உங்களுக்கு என்ன தெரியும்னு இந்தப் பேப்பர்ல ஒரு வரிகூட இல்லம்மா. எனக்கு என்ன தெரியும்னுதான் இருக்கு" என்றார்.

வெளியே வந்து அழுதேன். திருடி இல்லை என்றாகிவிட்டதே, பிறகு எதற்கு அழுகை? அவர் சொன்னது சரி, அதற்குத்தான்.

ஜூன் 16

விசாரணையில் ஓரமாக இருந்த பெண் வரச் சொல்லியிருந்தார். ஆதரவு அறை நூலகத்தின் பக்கத்தில் இருக்கிறது. முன்பு ஜெராக்ஸ் மிஷின் இருந்த அறை, மை வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு ஏற்ற அறைதான்! அந்தப் பெண்ணைப் பசங்கள் 'ஏன் மேடம்' என்கிறார்கள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாராம்.

உள்ளே நுழைந்ததும், "பேனாவை வெளியே ஜன்னல்ல வச்சுட்டு வாங்க" என்றார். வைத்தேன். செருப்பில்லாமல் வெயிலில் நிற்பது போல இருந்தது.

ஒரு கேள்வி கொடுத்தார். கடைக்காரர் ஃபிரிட்ஜில் விலை எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஒருவர் வந்து, 'அந்த விலைக்கு எடுத்துக்கிறேன்' என்கிறார். கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார்.

"பேராசிரியர் என்ன சொன்னார்னா..."

"அவர் வீட்டுக்குப் போயிட்டார். கடைக்காரர்தான் உங்க எதிர்ல நிக்கிறார். 'நான் குடுத்துத்தான் ஆகணுமாம்மா?'ங்கிறார். சொல்லுங்க."

 குனிந்து பார்த்தால் என் விரல்கள் மேசைமேல் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் பேசியதை எழுதிக்கொண்டிருந்தன! அவரும் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஜூன் 19

போகவில்லை. தலைவலி.

பொய். பயம்.

ஜூன் 23

இன்று ஃபிரிட்ஜ் இல்லை. "சட்டம் படிக்க ஏன் வந்தீங்க?" என்றார்.

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். சில வருஷங்களுக்கு முன் தீர்ப்பு முடிந்து வெளியே வருகிறேன், வராந்தாவில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வழக்குக்காரி. "உள்ள என்னம்மா சொன்னாங்க?" அவளுடைய வக்கீல் அதற்குள் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார். நான் உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ இன்னிக்கு ராத்திரி நான் எங்க படுக்கிறது?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவ்வளவையும் நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மட்டும் ஏன் மேடம் 'ஏன்' கேட்கவில்லை. "பரீட்சையில கேக்கிறதும் அந்தக் கேள்விதாங்க. ஆளுங்கதான் வேற" என்றார்.

ஜூன் 30

ஃபிரிட்ஜுக்கு விடை எழுதிக் கொண்டுபோனேன். "கொடுக்க வேண்டியதில்லை." இவ்வளவுதான் விடை.

"ஏன்?"

பழைய குருடி கதவைத் திறடி. நான் வகுப்பை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜூலை 6

வீட்டில் பெரிய வழக்கு. முதல் மூன்று ரேங்க்குள் வந்தால் புது போன் என்று மகளிடம் சொல்லியிருந்தார் அப்பா. மூன்றாவது வந்திருக்கிறாள். ஆனால் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து மூன்றாவது. "பாதி மூணாவதுக்கு ஏது போன்?" என்கிறார் இவர். வழக்கம்போல இருவரும் என்னிடம் வந்தார்கள், அப்பா அன்றைக்குச் சொன்னதை டேப்பு அப்படியே சொல்லட்டும் என்று.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"கோர்ட்டுக்குப் போனா நீ தோத்துடுவேடி. ஏன்னா, வீட்டுக்குள்ள அப்பா பொண்ணுக்குக் குடுக்கிற வாக்கைப் பொதுவா ஒப்பந்தமா எடுத்துக்க மாட்டாங்க. இதுக்காகக் கோர்ட் வாசல் ஏறணும்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்க மாட்டீங்க."

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றாள் மகள். இவர் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

"இருங்க. அதுவே உங்க வேன் கம்பெனி, ரேங்க் வாங்கினா போன்னு விளம்பரம் போட்டிருந்தா, குடுத்துத்தான் ஆகணும். ஏன்னா, அவங்க ஊரைக் கூப்பிட்டு நிபந்தனை போட்டாங்க, இவ நிறைவேத்திட்டா. மூணாவதுன்னா மூணாவதுதான், தனியா வரணும்னு யாரும் சொல்லலையே. சட்டத்துல நீங்க தப்பிச்சீங்க. ஆனா கம்பெனிக்கு இருக்கிற நாணயம் அப்பாவுக்கு இல்லைன்னு இவ சொல்லிட்டுத் திரிவா, பரவாயில்லையா?"

 இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் சொன்னதுடி?" என்றார்.

யார் சொன்னது? தேடிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

மகளுக்குப் புது போன் வாங்கித் தருகிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றிருக்கிறேன்.

ஜூலை 7

ஏன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் ஜன்னலிலிருந்து பேனாவை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "இப்போ எழுதுங்க. பக்கத்துல மக நிக்கிறான்னு நினைச்சுக்கங்க. சண்டை போடத் தயாரா."

ஜூலை 21

ஏன் மேடம் வைத்த மாதிரிப் பரீட்சை, நாற்பத்தாறு. மறுபக்கம் என்ன சொல்லும் என்பதை ஒரு கேள்வியில்கூட நான் யோசிக்கவில்லையாம். இவர் காலரைத் தூக்கிவிட்டது நினைவுக்கு வந்தது. இனி எல்லா விடையிலும் காலர் தூக்குகிற ஒருவரை நிற்கவைக்கவேண்டும்.

ஆகஸ்ட் 4

பரீட்சை. பக்கத்துப் பெஞ்சு திரும்பத் திரும்ப அதிகப்படித் தாள் வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றுகூட வாங்கவில்லை.  கை தன் பாட்டுக்கு, "சென்ற வகுப்பில் நாம்" என்று தொடங்கியது. அடித்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், "ஏன்?" என்கிறாள். அவளுக்கு எழுதினேன்.

வேன் வாசலில் நின்றிருந்தது. "எப்படி?" என்றார். "கொஞ்சம்தான் எழுதினேன், ஆனா எல்லாம் நான் எழுதினது" என்றேன். வழியெல்லாம் அவர் கேலி செய்யவில்லை. அதுவேறு பயமாக இருந்தது.

செப்டம்பர் 9

ஐம்பத்தெட்டு!

காலையிலேயே பார்த்துவிட்டேன். ஏன் மேடத்துக்குப் போன் செய்தேன். "ஏன் ஐம்பத்தெட்டு? ஏன் அறுபது இல்லை?" என்றார். 

இதைவிட இன்னொன்றை எழுதவேண்டும். மதியம் கோர்ட்டில் வண்டி வழக்கு ஒன்று முடிந்தது. கடன் பாக்கிக்காக ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒருவருடைய சரக்கு ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். உத்தரவை எழுதி முடித்து வெளியே வந்தால், வராந்தாவில் வண்டிக்காரர் தனியாக நிற்கிறார். அவருடைய வக்கீலும் ஓடிவிட்டார். ஓடுவதற்கென்றே படிப்பார்கள் போல.

"அம்மா, நீங்கதானே உள்ள எழுதிட்டிருந்தீங்க? என்ன சொன்னாங்க?"

உத்தரவு முழுதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"வண்டி உங்களுக்குத் திரும்ப வருது. இன்னிக்கே விடச் சொல்லிட்டாங்க."

அவர் நம்பவில்லை. "ஏம்மா?" என்றார்.

"ஏன்னா, தூக்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும்னு அவங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. அவங்க கொடுக்கலை. கடன் அப்படியேதான் இருக்கு, அதைக் கட்டணும். ஆனா வண்டி உங்க வண்டி."

 அவர் சாவி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.